எங்கள் வீட்டு நல்ல தண்ணி

எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் வந்து சேர்ந்த கதையைச் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். அந்தக் கிரைண்டரை நானே நிறுத்திய கதை இது. சொல்லலாமா வேண்டாமா என்று வெகுநாள் யோசித்தேன். இப்போதும் முழுசாகப் புரிந்து எழுதவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலையில் உளுந்து பாதி அரைபட்டுக்கொண்டிருந்தது. வாசல் கேட்டின் கொண்டியை யாரோ ஆட்டும் சத்தம் கேட்டது. முழங்கை வரை மாவோடு போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டு வயதிருக்கும், ஒரு பெண். தோளில் பை, கையில் பிளாஸ்டிக் கூடை. கூடை நிறைய வெள்ளை பாட்டில்கள்.

"ஆன்ட்டி, உங்க வீட்ல போர் இருக்கா? காலேஜ் புராஜெக்டுக்குக் கொஞ்சம் தண்ணி எடுத்துக்கிடட்டுமா?"

பெயர் சங்கரி. தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்க்காரி. இங்கே விடுதியில் தங்கி வேதியியல் படிக்கிறாள். தூத்துக்குடியில் எங்கள் மில்லர்புரத்தில் தெருவுக்கு ஒரு வீடு என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறாளாம்.

"தாராளமா எடுத்துக்கோளா. ஊரே எடுத்துட்டுப் போற தண்ணிதான்" என்றேன். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் தண்ணீரை வீணாக ஓடவிட்டாள். பிறகு பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டு நிரப்பினாள். கையில் உறை மாட்டிக்கொண்டு, ஒரு சின்னக் குப்பியைத் திறந்து அதில் சொட்டுச் சொட்டாக எதையோ விட்டாள். மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி ஏறியது.

"என்னளா அது?"

"ஆசிட் ஆன்ட்டி."

"நல்ல தண்ணில எதுக்கு ஆசிட்?"

"உலோகம் ஏதும் இருந்தா பாட்டில்ல ஒட்டிக்கிடாம இருக்கதுக்கு."

புரியவில்லை. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்க்க வந்தவள் தண்ணீரில் எதையோ கலக்குகிறாள். சரி, படிக்கிற பிள்ளை என்று விட்டுவிட்டேன். வெயிலில் வந்தவளாயிற்றே என்று ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

அவள் செம்பை வாங்கினாள். உள்ளே பார்த்தாள். "இப்பதான் குடிச்சேன் ஆன்ட்டி" என்று திண்டில் வைத்துவிட்டுப் போனாள். தெருமுனையில் நின்று தன் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடிப்பதை நான் கேட்டிலிருந்து பார்த்தேன்.

அன்று முழுக்க எனக்குக் கோபம் அடங்கவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீரை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போன முதல் ஆள் அவள்.

நல்ல தண்ணி அண்ணாச்சி

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நாங்கள் மில்லர்புரத்தில் மனை வாங்கியபோது அக்கம்பக்கத்தில் எந்த போரைத் திறந்தாலும் உப்பு. சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. டம்ளரில் ஊற்றி வைத்தால் மறுநாள் வெள்ளை வளையம் கட்டியிருக்கும். என் வீட்டுக்காரர் பால்துரை, துறைமுகத்துப் பக்கம் சாக்குக் கடை வைத்திருப்பவர், உடன்குடியிலிருந்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மனை முழுக்க நடந்தார். வடகிழக்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. நான் என் கண்ணால் பார்த்தேன். எப்படி நின்றது என்று இன்றுவரை தெரியாது.

அங்கே போட்ட போரிலும் முதலில் உப்புதான் வந்தது. இவர் விடவில்லை. இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு என்று நின்றார். சாயங்காலம் வெந்த மண் நிறத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சட்டையெல்லாம் சகதியோடு அதை உள்ளங்கையில் ஏந்திக் குடித்துவிட்டுக் கத்தினார்.

"ஏளா செல்வம், இனிக்குளா! இனிக்கு!"

அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு தெருவில் அவர் பெயரே "நல்ல தண்ணி அண்ணாச்சி" என்றாகிவிட்டது. குடத்தோடு வருபவர்களை அவர் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

மாநகராட்சிக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் முறை வைத்து வரும். அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றினோம், துணி துவைத்தோம். குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீர். நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தபோது அதற்கும் அதே தண்ணீர்தான். "அக்கா, உங்க மாவுல மட்டும் இட்லி இப்படிப் பூத்து வருது, என்ன போடுதிய?" என்று கேட்பார்கள். "எங்க தண்ணி அப்படி" என்பேன்.

மாடியில் குடியிருக்கும் ஜெசிந்தாவுக்கும் அதே தண்ணீர். பெரியதாழையில் கல்யாணம் செய்து கொடுக்கப்பட்ட பெண் அவள். புருஷன் சேவியர் கப்பலில் வேலை. போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு வருஷம். அதற்குள் அவளுக்கு இரண்டு தடவை கரு நின்று கலைந்துபோயிருந்தது. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவள் நான்தான்.

மேல் தட்டு டப்பா

சங்கரி மறுபடி வந்தது மழை முடிந்த பிறகு. இந்த முறை கூடை இல்லை, ஒரு தாள் மட்டும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, உங்க தண்ணில ஆர்செனிக் இருக்கு. இருக்கலாம்னு சொல்ற அளவுக்கு மேல இருக்கு."

எனக்கு அந்தப் பெயர் எங்கோ கேட்ட பெயராக இருந்தது. கொரோனா சமயத்தில் தெருவில் ஹோமியோபதி என்று சின்னச் சின்ன வெள்ளை உருண்டை மாத்திரை கொடுத்தார்களே, அந்தக் குப்பியில் இப்படி ஒரு பெயர்தானே இருந்தது?

"அது உடம்புக்கு நல்லதுதானளா? எதிர்ப்புச் சக்திக்குன்னு குடுத்தாவளே?"

சங்கரி என்னைப் பார்த்தாள். அவளுக்கே குழப்பம் வந்துவிட்டது. "அது வேற ஆன்ட்டி… பேரு அதுதான், ஆனா… அத விடுங்க. தமிழ்ல பாஷாணம்னு சொல்வாங்கல்லா, அது இதுதான்."

பாஷாணம் என்றதும் எனக்கு என் அப்பாவின் பலசரக்குக் கடை ஞாபகம் வந்தது. உடன்குடியில் செம்மண் தெருவில் இருந்த கடை. கருப்பட்டிச் சிப்பங்களெல்லாம் கீழே. எல்லாவற்றுக்கும் மேல் தட்டில், கை எட்டாத இடத்தில், கறுத்துப்போன ஒரு தகர டப்பா. எலிக்கு வைக்கிற பாஷாணம். பார்த்தால் தூள் உப்புபோல வெள்ளையாக இருக்கும். தெரிந்த ஆள் கேட்டால்தான் அப்பா இறக்குவார். பொட்டலம் மடித்துக் கொடுத்ததும் கொல்லைக்குப் போய்ச் சாம்பல் போட்டுக் கை கழுவுவார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ஈரம் காயும் வரை கருப்பட்டியைத் தொடமாட்டார். அந்தத் தட்டைச் சின்ன வயதில் நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

என் விரல் இடுக்குகளைப் பார்த்தேன். உளுந்து மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

"நாங்க எத்தன வருஷமாக் குடிக்கோம். யாரும் சாகலியே?" என்றேன்.

"இது அப்படி உடனே ஒண்ணும் செய்யாது. கொஞ்சங் கொஞ்சமா சேரும். தோல்ல புள்ளி வரும், உள்ளங்கை தடிக்கும். ரொம்ப வருஷம் போனா புற்றுநோய் வரைக்கும் போகலாம். கர்ப்பமா இருக்கவங்களுக்கு…" என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

மாடியில் ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. எனக்கு நாக்கு வறண்டது. பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. எடுக்கக் கை போகவில்லை.

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பூமிக்குள் இருக்கிற பாறையிலிருந்து கரைந்து வரலாம் என்றாள். எல்லோரும் உறிஞ்சி எடுப்பதால் கடல் உள்ளே ஏறி மண்ணில் கிடந்ததைக் கிளப்பியிருக்கலாம். எங்கேயாவது எதையாவது கொட்டியிருக்கலாம். "ஒரு போர மட்டும் வெச்சு இன்னதுன்னு சொல்ல முடியாது ஆன்ட்டி. உங்க பக்கத்து வீட்டு உப்புத் தண்ணில இது இல்ல."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாயில் வைக்க முடியாது என்று நாங்கள் சிரித்த தண்ணீரில் அது இல்லை. இனிக்கிற எங்கள் தண்ணீரில் இருக்கிறது.

சுண்டக் காய்ச்சியது

திடீரென்று ஒரு நிம்மதி வந்தது. "நாங்க காய்ச்சித்தான் குடிக்கோம். மாடில இருக்க பிள்ளைக்கும் நான்தான் காய்ச்சிக் குடுத்தேன். கொதிச்சா எல்லாம் செத்துரும்லா?"

சங்கரி தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"சாகதுக்கு அது உயிர் இல்ல ஆன்ட்டி. கொதிக்க வெச்சா தண்ணிதான் ஆவியாப் போகும். அது அப்படியே நிக்கும்."

முதல் தடவை கலைந்த பிறகு, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஜெசிந்தாவை அனுப்பியிருந்தார்கள். இரண்டாவது தடவை கரு நின்றபோது நான் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். சும்மா கொதி வந்ததும் இறக்கவில்லை. சீரகம் போட்டு, நாலு டம்ளர் மூன்று டம்ளராகும் வரை சுண்டக் காய்ச்சி, ஆற வைத்து, துணி கட்டி, மாடிப்படி ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தினமும்.

சங்கரி போன பிறகு கிரைண்டரில் இருந்த மாவை வழித்து, கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினேன். மண்ணில் கொட்டினால் திரும்ப அதே தண்ணீருக்குத்தானே போகும் என்று கொட்டி முடித்த பிறகுதான் தோன்றியது. மண்வெட்டியோடு அங்கேயே நின்றேன். மூடுவதா, மறுபடி அள்ளுவதா என்று தெரியவில்லை.

ஒரே எண்

என் வீட்டுக்காரர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "படிக்கிற பிள்ள ஏதோ தப்பாப் பாத்திருக்கும்" என்றார். தானே ஒரு பாட்டிலில் பிடித்து, வெளியூரில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்தார். பத்து நாள் கழித்துத் தாளை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"பாத்தியா? லிமிட்டுக்குள்ளதான் இருக்குன்னு போட்டிருக்கான்."

எனக்கு உயிர் வந்ததுபோல இருந்தது. இரண்டு தாள்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இங்கிலீஷ் எனக்கு அரைகுறை. ஆனால் எண் எண்தானே. இரண்டு தாளிலும் ஏறக்குறைய ஒரே எண். ஒரு தாள் கூடாது என்கிறது, மற்றது பரவாயில்லை என்கிறது.

சங்கரிக்குப் போன் போட்டேன். அவள் பொறுமையாக விளக்கினாள். முன்பு இரண்டு வரம்பு உண்டாம். ஒன்று, இதற்குள் இருந்தால் நல்லது. இன்னொன்று, வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் இதுவரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அந்த இரண்டாவது வரம்பை இப்போது எடுத்துவிட்டார்களாம். இவருக்குக் கிடைத்தது பழைய படிவமாம்.

"அப்போ எங்க தண்ணி நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தைல சொல்லுளா."

"குடிக்காதீங்க ஆன்ட்டி."

அன்றைக்கே குடிப்பதை நிறுத்தினோம், கிரைண்டரையும் நிறுத்தினேன். மாடிக்குக் கேன் தண்ணீர் ஏற்றினேன். ஜெசிந்தா ஏன் என்று கேட்டாள். "மோட்டார் ரிப்பேர்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு பல வாரம் அந்தப் பொய்யையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மீனில் இருப்பதும் தண்ணீரில் இருப்பதும்

இவருடைய உள்ளங்கையில் மிளகு மிளகாகத் தடித்திருப்பதை நான் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். கவனித்ததில்லை. டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"மூட்டை தூக்குற வேலையா?"

"முப்பது வருஷமா சாக்குக் கடைம்மா."

"அதனாலயும் இருக்கலாம். தண்ணியாலயும் இருக்கலாம். யூரின் டெஸ்ட் பாத்துருவோம். கடைசியா மீன் எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து. இன்னைக்குக் காலைல நேத்து வெச்ச குழம்பு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மீன் சாப்பிட்டால் இந்தச் சோதனையில் அதுவும் சேர்ந்து வந்துவிடுமாம். மீனில் இருக்கிற ஆர்செனிக் பெரும்பாலும் கெடுதல் செய்யாதாம். ஆனால் சாதாரணச் சோதனை இரண்டையும் பிரித்துப் பார்க்காதாம்.

"மீன்ல இருந்தா நல்லது, தண்ணில இருந்தா கெட்டதா? ரெண்டும் ஒரே பேருதான?" என்று இவர் கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். முகம் பார்க்கப் பாவமாக இருந்தது.

மீன் இல்லாமல் ஐந்தாறு நாள் இருந்தார். தூத்துக்குடியில் பிறந்த மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய விரதம் என்று உங்களுக்குத் தெரியும். சோதனையில் ஒன்றும் அதிகமாக இல்லை என்று வந்தது.

"அப்போ ஒண்ணும் இல்லல்லா?" என்றார் இவர்.

"இப்ப உள்ள ஒண்ணும் போகல. அவ்வளவுதான் இதுல தெரியும். நீங்கதான் தண்ணிய நிறுத்திப் பல வாரம் ஆச்சே. முந்தி போனது இதுல வராது. கைய ஆறு மாசத்துக்கு ஒருதரம் காட்டுங்க."

இவர் மருந்து வாங்க வெளியே போனதும் நான் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். மாடிப் பெண்ணின் கதையைச் சொன்னேன். சுண்டக் காய்ச்சியதையும் சொன்னேன். டாக்டரம்மா அவசரப்படாமல் கேட்டார்.

"அதனால இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். காரணமே தெரியாம எத்தனையோ பேருக்குக் கலையுது. அன்னைக்கு அந்தப் பொண்ணு உடம்புல என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு யாராலயும் சொல்ல முடியாது."

நான் ஆம் என்று கேட்கப் போனேனா, இல்லை என்று கேட்கப் போனேனா? இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் அழுதிருப்பேன். இரண்டையும் சொல்லாததால் அழவும் வரவில்லை.

கேட்டில் நின்று சொன்னது

மாவு வாங்கவும் தண்ணீர் எடுக்கவும் வந்தவர்களுக்கு நான் கேட்டிலேயே நின்று சொன்னேன். இவர் வேண்டாம் என்றார். "நம்ம பேரு என்ன ஆகும்? ஊரெல்லாம் கூப்பிட்டுக் குடுத்த தண்ணிளா இது" என்று கைலியைப் பிடித்தபடி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். நான் சொல்லிவிட்டேன்.

ஒருத்தி, "இதுக்கா நிறுத்துனிய? பத்து வருஷமாத் தின்னுட்டோம், இன்னைக்கு ஒரு நாள் தின்னா என்னக்கா?" என்று பாத்திரத்தை நீட்டிக்கொண்டே நின்றாள். இன்னொருத்தி அதற்குப் பிறகு எங்கள் தெரு வழியாகவே வருவதில்லை. ஒருத்தர் பேத்தியைக் கூட்டிவந்து அவள் உள்ளங்கையை விரித்து என்னிடம் காட்டினார், நான் ஏதோ டாக்டர்போல. தளிர்போல இருந்தது கை. ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? அந்தக் கையை மூடி அவரிடமே கொடுத்தேன்.

எல்லோருக்கும் சொல்லியாயிற்று. மாடிக்குத்தான் ஏறவில்லை.

கடைசியில் அவளே தெருவில் கேள்விப்பட்டு விடுவாள் என்ற பயத்தில்தான் ஏறினேன். நல்ல மனசால் ஏறினேன் என்று சொல்லமாட்டேன். ஜெசிந்தா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டார் ரிப்பேர் பொய் என்பதையும், காய்ச்சிய தண்ணீரைப் பற்றி சங்கரி சொன்னதையும், டாக்டரம்மா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றதையும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த சட்டையை விரித்தாள். மறுபடி மடித்தாள். "நீங்க போங்கக்கா" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு நாள் மாடியில் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் காலையில் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அக்கா, எங்கூட பெரியதாழைக்கு வாரியளா? எங்க மாமியார்ட்ட வந்து சொல்லணும்."

"என்னத்தளா சொல்ல?"

"உங்க தண்ணியாலதான்னு."

உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"ரெண்டும் என்னாலதான்னு சொல்லிட்டுத் திரியுதாவ. எனக்குக் கர்ப்பப்பை சரியில்லையாம். மவன் வாழ்க்கையக் கெடுக்க வந்தவளாம். அவரு போன்ல பேசும்போதுகூட, நீ உடம்பப் பாத்துக்கிட்டியான்னுதான் கேக்காரு. ராத்திரி பகலா நானும் அதத்தான் யோசிச்சேன். படி ஏறுனேனா, பப்பாளி தின்னேனா, ஜெபத்துல குறை வெச்சேனான்னு. ஒரு தடவ, வேற ஒருத்தரு வந்து, இது இவளால இல்லன்னு சொல்லணும். நீங்க சொன்னா நம்புவாவ."

"டாக்டரம்மா அப்படி உறுதியாச் சொல்லலியேளா."

"தெரியும்க்கா" என்றாள்.

பெரியதாழையில்

பேருந்தில் போகும்போது தாள்கள் இரண்டும் என் பையில் இருந்தன. வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். 'தண்ணியாலயும் இருக்கலாம்' என்று சொல்லலாம். அது பொய் ஆகாது. ஆனால் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் இவள் என்ன செய்வாள்? 'இருக்கலாம்' என்றால் இவளாலும் இருக்கலாம் என்றுதானே ஆகும்?

ஜெசிந்தாவின் மாமியார் அந்தோணியம்மா வாசலில் சாக்கை விரித்துச் சாளை மீனைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். காற்று மணலை வாரிப் படியில் போட்டிருந்தது. மருமகளை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம், "மில்லர்புரத்து வீட்டுக்காரவளா? வாங்க, உக்காருங்க" என்றார்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது.

"யம்மா, நாலு வருஷமா இவளுக்கு நாங்க குடுத்த தண்ணில விஷம் இருந்திருக்கு. அதாலதான் ரெண்டு தடவையும் தங்கல. இவ மேல ஒரு குறையும் இல்ல."

"யாரு சொன்னா?"

தாளை நீட்டினேன். மீன் கையோடு வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். செதில் ஒன்று அந்த எண்ணின்மேலேயே ஒட்டிக்கொண்டது.

"டாக்டர் சொன்னாவளா?"

ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் பெருவிரல் மணலைக் கீறியது.

"ஆமா. டாக்டர் சொன்னாவ" என்றேன்.

அந்தோணியம்மா எழுந்து நின்றார். அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் எழுத முடியாது. "குடியிருக்க வீட்டக் குடுத்து வயித்துல பாஷாணத்த ஊத்துனியே, நீ நல்லா இருப்பியா? எம் பேரப்பிள்ளையள நீதான தின்ன? என் மவன் அங்கன கப்பல்ல கெடந்து கண்ணீர் விட்டானே, ஏ மாதாவே, நீ கேக்க மாட்டியா!" அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் தலைகுனிந்து நின்றேன். இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அத்தனை வாரங்களாக யாரிடம் போனாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார்கள். சந்தேகமே இல்லாமல் என்னிடம் பேசிய முதல் மனுஷி அவர்தான். வசவு ஒவ்வொன்றும் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் நிறுத்திவிடுவாரோ என்று ஒரு பக்கம் பயமாகவும் இருந்தது.

மூச்சு வாங்க நின்றார். பிறகு மருமகளைப் பார்த்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "ஏம்ளா இப்படி மெலிஞ்சு போய்க் கெடக்க?" என்றார். மீன் வாடையடிக்கும் அந்தக் கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் போய் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. முதலில் ஒரு குரல், பிறகு இரண்டு. எது யாருடையது என்று பிரித்துக் கேட்க முடியவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு ஜெசிந்தா வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் கருவாட்டுப் பொட்டலம், மாமியார் கட்டிக்கொடுத்தது. வாசலில் அந்தோணியம்மா நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

திருச்செந்தூரில் மாறி ஏறிய பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. கருவாட்டு வாசனை பேருந்து முழுக்கப் பரவியது. முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். ஆறுமுகநேரி தாண்டி உப்பளங்கள் வந்தன. அதுவரை பேசாமல் வந்தவள் கேட்டாள்.

"அக்கா, நீங்க அங்கன சொன்னது நெசந்தானா?"

அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் கேட்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு இன்னொரு தடவை வரவில்லை.

"தெரியலளா" என்றேன்.

ஜெசிந்தா பொட்டலத்தை மடியில் சரிசெய்துகொண்டாள்.

"எனக்கும் தெரியலக்கா. ஆனா அங்கன வெச்சுத் தெரியும்னு சொன்னியள்லா, அது போதும்."